நடந்து போன கடல்

அன்புள்ள ஹிக்கடுவைப் பவளப்பாறையே,

நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் மடலின் வழக்கம். உன் நலம் எனக்குத் தெரியும், அதனால் கேட்கவில்லை. நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன். இரத்தினபுரிப் பக்கத்து இறப்பர் தோட்டமொன்றில், லயத்துக் காம்பராவில் பிறந்து வளர்ந்தவள் நான். சப்ரகமுவ மாகாணத்துக்கு இரண்டே மாவட்டங்கள், இரத்தினபுரியும் கேகாலையும். இரண்டுக்கும் கடற்கரை கிடையாது. எங்களுக்குத் தண்ணீர் என்றால் மழை, பீலி, கங்கை, அவ்வளவுதான். அப்படிப்பட்ட ஒருத்திக்கு நீ செய்தவை பல. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் காதில் விழுந்தால் விழட்டும்.

பாறையே, முதலில் கடலை எனக்கு மீட்டுத் தந்ததற்கு நன்றி. எங்கள் வீட்டில் யாரும் கடலைப் பற்றி ஆசையாகப் பேசிக் கேட்டதில்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆட்களைத் தோணியிலும் கப்பலிலும் ஏற்றி மன்னார்க் கரையில் இறக்கி, காடு வழியாக மலைக்கு நடத்திக் கூட்டி வந்த காலம் அப்பாயியின் தாய் தகப்பனோடு முடிந்துவிட்டது. ஆனால் ஆதிலட்சுமி என்ற கப்பல் ஆட்களோடு மூழ்கிய கதையை அப்பாயி தன் கண்ணால் பார்த்தவளைப் போலச் சொல்வாள். பிறகு 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பங்கு பிரித்தார்கள். அப்பாயியின் மூத்த மகள், என் அத்தை, முதல் கணக்கில் விழுந்தாள். கோச்சி ஏறித் தலைமன்னார் போய், அங்கிருந்து கப்பல் ஏறினாள். அதற்குப் பிறகு அப்பாயி அவளைப் பார்க்கவே இல்லை. கடல் எங்களைக் கொண்டுவந்த வழி. பின்னர் எங்களைப் பிரித்த வழி. அதில் கால் நனைக்கலாம் என்ற எண்ணமே எங்கள் வீட்டில் யாருக்கும் வந்ததில்லை.

பாறையே, உன்னிடம் வர எனக்குக் கப்பல் தேவைப்படவில்லை, படகும் தேவைப்படவில்லை. நீ தந்தவற்றில் பெரியது இதுதான். நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவு இருக்கிறது. 2003இல் தேசியப் பூங்கா ஆன இடம். உன்னைவிட அங்கே பவளம் செழிப்பு என்று பலர் சொல்லிவிட்டார்கள். இருக்கட்டும். அங்கே போகப் படகு ஏற வேண்டும். நீயோ கரையை ஒட்டிக் கிடக்கிறாய். மணலில் நின்று பார்த்தால் அலை உடைகிற வெள்ளைக் கோடு தெரியும், அது உன் வெளி விளிம்பு. அதற்கும் மணலுக்கும் நடுவே, சராசரி 5 மீற்றர் ஆழத்தில், உன் உடம்பு பரந்திருக்கிறது. சிலிண்டரைக் கட்டிக்கொண்டு மணலில் நடந்து, இடுப்பளவு தண்ணீரில் கூட வருபவரின் தோளைப் பிடித்தபடி துடுப்புக் காலணியை மாட்டி, மாஸ்க்கை இழுத்துவிட்டு, ரெகுலேட்டரைப் பல்லால் கவ்வி, கரையைப் பார்த்தபடி பின்னோக்கி எட்டு வைத்தால் போதும், நீ வந்துவிடுகிறாய். யாரும் என்னை ஏற்றவில்லை, யாரும் இறக்கவில்லை. என் காலால் நடந்து கடலுக்குள் போனேன்.

பாறையே, மூச்சு விடக் கற்றுத் தந்ததற்கும் நன்றி. தண்ணீருக்குள் தலை போனதும் மூச்சை அடக்குவதுதான் கங்கையில் குளித்து வளர்ந்த எங்கள் பழக்கம். உன்னிடம் அது செல்லாது. அழுத்தப்பட்ட காற்றை நெஞ்சில் அடக்கிக்கொண்டு மேலே எழும்பினால், அழுத்தம் குறையக் குறைய அந்தக் காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். ஆகவே ஒரு கணமும் மூச்சை நிறுத்தக் கூடாது. இறங்கும்போது காது அடைக்கும். மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக் காதைத் திறந்த பிறகே அடுத்த சாண் ஆழம். "நங்கி, அவசரப்படாதே, கடல் எங்கேயும் போகாது" என்று என் பயிற்சியாளர் சிங்களத்தில் சொன்னார். தோட்டத்தில் சின்ன வயதிலிருந்து கேட்டதெல்லாம் "கெதியா, கெதியா" என்ற சொல்தான். மெதுவாகப் போ என்று எனக்கு விதி வைத்த முதல் இடம் நீ.

பாறையே, பாரத்தை இறக்கி வைத்ததற்கு எப்படி நன்றி சொல்வேன்? மணலில் நிற்கும்போது சிலிண்டர் மட்டுமே 14 கிலோ இருக்கும். சட்டை, ஈயக்கட்டி எல்லாம் சேர்ந்தால் தோள் இறங்கிவிடும். அந்த நேரத்தில் அம்மாவின் நினைவு வராமல் இருந்ததில்லை. விடியுமுன் எழுந்து மலையேறி, மரம் மரமாகப் பால் வெட்டி, நிறைந்த வாளிகளைத் தூக்கிக்கொண்டு வழுக்குப் பாதையில் இறங்கியவள் அவள். அலை மார்புக்கு வந்ததும் என் பாரம் மாயமாகிவிடுகிறது. மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல், உன் மேல் கிடையாக நிற்கிறேன். இதை எனக்கு முன்பே அறிந்தவர் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க். 1956இல் இந்த நாட்டுக்குக் குடிவந்தவர். அதே ஆண்டில் நண்பர் மைக் வில்சனோடு திருகோணமலைக் கடலுக்கடியில் பழைய கோணேசர் கோயிலின் கற்களைப் பார்த்தவர். பிற்காலத்தில் போலியோவின் பின்விளைவால் நடக்க முடியாமல் போன பிறகும் தண்ணீருக்குள் மட்டும் தன் உடம்பு முழுமையாக இயங்குவதாகச் சொன்னவர். உன் கரையில் அவருக்கு ஒரு நீர்மூழ்கல் நிலையம் இருந்தது, 2004 சுனாமி அதைக் கொண்டுபோனது. அவருக்கு நீ தந்த விடுதலையில் ஒரு பங்கு எனக்கும் கிடைத்தது. அம்மாவின் உடம்புக்கு அப்படி ஒரு நாள் கிடைக்கவில்லையே என்பது மட்டும் மனதில் நிற்கிறது.

பாறையே, திரும்பி வருவதை முதலில் கணக்குப் பார் என்று சொன்னாயே, அதற்கும் நன்றி. கரையிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. சிலிண்டர்க் காற்றில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு ஆபத்துக்கு. போகிற பங்கு முடிந்ததும், எதிரே எவ்வளவு அழகான கிளை விரிந்திருந்தாலும் திரும்பிவிட வேண்டும். இந்தக் கணக்கைக் கேட்ட அன்றைக்கு எனக்கு எங்கள் முன்னோர் ஞாபகம்தான் வந்தது. கங்காணி கொடுத்த முன்பணம், வழிச்செலவு, கம்பளி, எல்லாம் கடனாக ஏறி, ஒரு தோட்டத்துத் துரையிடமிருந்து இன்னொரு தோட்டத்துத் துரைக்கு அந்தக் கடன் எழுதிய துண்டோடு மாறியவர்கள் அவர்கள். துண்டு முறையை 1921இல்தான் சட்டம் ஒழித்தது. போவதற்கு மட்டும் செலவு பண்ணி, வருவதற்கு எதுவும் மிச்சம் வைக்காமல் அவர்களை அனுப்பினார்கள். 2023இல், மலையகத்துக்கு 200 ஆண்டு என்று, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு எங்கள் மக்கள் நடந்தார்கள். கரையிலிருந்து மலைக்கு அந்த நடை. நான் மலையிலிருந்து கரைக்கு நடந்து, உனக்குள்ளும் நடந்து, மிச்சக் காற்றோடு திரும்பி வருகிறேன். இந்த ஒரு வழியாவது எங்களுக்கு இருவழிப் பாதை ஆயிற்று.

பாறையே, உன்னை யார் கட்டினார்கள் என்பதை அறிந்தபோது உன் மேல் மரியாதை கூடியது. பாறை என்று உன்னை அழைக்கிறோம், ஆனால் உயிருள்ள தோல் போர்த்திய எலும்பு நீ. அரிசியளவு உடம்புள்ள உயிர்கள் கடல்நீரிலிருந்து சுண்ணாம்பைப் பிரித்து, தம் காலடியில் கிண்ணம் போலப் படியவைத்து, அதில் குடியிருக்கின்றன. அவற்றின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் இருந்துகொண்டு வெயிலைச் சோறாக்கி, பெரும்பகுதியை வீட்டுக்காரருக்கே கொடுத்துவிடுகின்றன. பக்கத்துக் கிண்ணத்தோடும் சதை தொடர்ந்திருப்பதால் ஒன்றுக்குக் கிடைத்தது மற்றதற்கும் போய்ச் சேர்கிறது. உருண்டைப் பவளம் ஓராண்டில் வளர்வது ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர். செத்தவற்றின் மேல் இருப்பவை கட்ட, இருப்பவற்றின் மேல் வரப்போகிறவை கட்ட, நீ இவ்வளவு பெரிதானாய். பெயர் எழுதப்படாத கைகள் கட்டிய சாலைகளையும் பாலங்களையும் பார்த்து வளர்ந்தவள் நான். உன் கட்டடத்தைப் பார்த்ததும் புரிந்துகொள்ள எனக்கு அதிக நேரம் ஆகவில்லை.

பாறையே, உன் அயலாரை எனக்கு அறிமுகம் செய்ததற்கும் நன்றி. கிளிமீன் பல்லால் பாறையைச் சுரண்டும் சத்தம் தண்ணீருக்குள் அவ்வளவு துல்லியமாகக் கேட்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அது பாசியைத் தின்று, கூடவே விழுங்கிய சுண்ணாம்பை மணலாகக் கழித்துவிட்டுப் போகிறது. நான் நடந்து வந்த கரையில் அதன் உழைப்பும் கிடக்கிறது. பொந்துக்குள்ளிருந்து அஞ்சாளை வாயைத் திறந்து திறந்து மூடும். மிரட்டுகிறது என்று நினைத்தேன், மூச்சுத்தான் விடுகிறது என்று பிறகு தெரிந்தது. ஒரு மூலையில் பெரிய மீன்கள் வரிசையில் நின்று தம் உடம்பிலுள்ள ஒட்டுண்ணிகளைச் சிறு நீல மீன்களிடம் காட்டிச் சுத்தம் செய்துகொள்ளும். பச்சை ஆமை பாசி மேய வரும். கரையில் சிலர் அதற்குக் கடற்பாசிக் கட்டை நீட்டிப் படம் எடுக்கிறார்கள். நான் ஒதுங்கி நிற்கிறேன். தன் சாப்பாட்டைத் தானே தேடத் தெரிந்த கிழவி அவள்.

பாறையே, தொடாமல் பக்கத்தில் இருப்பது எப்படி என்று நீ எனக்குக் கற்பித்தாய். பாதி கற்பித்து அனுப்பியவள் அம்மா. இறப்பர் மரத்தில் பால் வெட்டும்போது கத்தி பட்டையைச் சீவ வேண்டும், மரத்தைத் தொடக் கூடாது. இடையில் இருப்பது ஒரு மில்லிமீற்றர்தான். கத்தி ஆழமாய் இறங்கினால் காயத்தில் பட்டை முடிச்சு முடிச்சாக வளர்ந்து, அந்த இடம் பிறகு வெட்டுக்கு உதவாது. அம்மா இதை அரிக்கன் வெளிச்சத்தில், தூக்கம் கலையாத கண்ணோடு செய்தவள். உன் மேலும் அப்படித்தான் இருக்க வேண்டியிருக்கிறது. துடுப்பின் ஓர் அடி பட்டால் பல ஆண்டு வளர்ந்த கிளை முறியும், கிளப்பிய மணல் படிந்தால் அந்த உயிர்களுக்கு வெயில் மறையும். நெஞ்சில் கொஞ்சம் கூடக் காற்று இழுத்தால் உடம்பு எழும்பும், விட்டால் தாழும். கையை மடக்கி வைத்து, மூச்சாலேயே உயரத்தைச் சரிசெய்துகொண்டு உன்னைக் கடக்கும்போது, இது எங்கள் வீட்டு வித்தை என்று பெருமையாக இருக்கும்.

பாறையே, வெறுங்கையோடு மேலே வரும் சந்தோஷத்தையும் நீதான் காட்டினாய். எங்கள் ஊரில் கீழே இறங்குவது என்றால் மாணிக்கக் குழிக்குள் இறங்குவதுதான். மண்ணைத் தோண்டி, தண்ணீரை இறைத்து, இல்லம் என்கிற சரளைப் படையை எட்டி, கூடையில் அள்ளி மேலே அனுப்பி, கங்கைத் தண்ணீரில் அரித்து, நீலம் இருக்கிறதா, புஷ்பராகம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கல்லோடு வந்தால்தான் இறங்கியதற்கு அர்த்தம். நவரத்தினத்தில் பவளமும் உண்டு என்பதால், உன்னிடம் போய் வந்தேன் என்றதும் "ஒன்றும் கொண்டு வரவில்லையா?" என்று லயத்தில் கேட்டார்கள். மோதிரத்தில் பதிக்கிற சிவப்புப் பவளம் வேறு கடலின் வேறு உயிர் என்று விளக்கினேன். அப்படியே இருந்தாலும் கொண்டுவர மாட்டேன் என்றும் சொன்னேன். இரத்தினபுரிக்காரியின் வாயில் அந்தப் பேச்சு அவர்களுக்குச் சிரிப்பாக இருந்தது. எனக்கு அது நீ தந்த வார்த்தை.

பாறையே, அறியாமல் வாங்கிய கடன் ஒன்றும் இருக்கிறது. அம்பலாங்கொடைக்கும் ஹிக்கடுவைக்கும் இடைப்பட்ட கரையில் எத்தனையோ காலம் பவளத்தைக் கடலிலிருந்து பெயர்த்தெடுத்துச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கி விற்றார்கள். சட்டம் தடுத்த பின்னும் அது களவாக நடந்தது. வீடு கட்டியவர்களும் சுவருக்கு வெள்ளை அடித்தவர்களும் வெற்றிலையில் தடவியவர்களும் சேர்ந்து தின்று தீர்த்த உடம்பு உன் இனத்துடையது. 2004 டிசம்பர் 26 அன்று, உனக்கு வடக்கே கொஞ்ச தூரத்தில் பெரலியவில், கொழும்பிலிருந்து வந்த ரயிலை அலை புரட்டிப் போட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஹரிந்திர ஜோசப் பெர்னாண்டோவும் அவருடைய ஆய்வுக் குழுவும் அடுத்த ஆண்டு வெளியிட்ட முடிவு என் மனதை விட்டுப் போவதில்லை. பவளம் அகழப்பட்டிருந்த பெரலியவில் அலை ஏறத்தாழ 10 மீற்றர் உயர்ந்து ஒன்றரைக் கிலோமீற்றர் உள்ளே போனது. நீ காவல் நின்ற ஹிக்கடுவையில் 2, 3 மீற்றருக்குள் அடங்கியது. நீ நின்றதால் பிழைத்தவர்களுக்கு அது உன் வேலை என்று தெரிந்திருக்குமோ என்னவோ. அவர்களுக்காகவும் சேர்த்து இங்கே நன்றி சொல்லிவிடுகிறேன்.

பாறையே, நொந்த பிறகும் எழும்புவதைப் பார்க்க விட்டதற்கு நன்றி. 1979இல் உன்னைச் சரணாலயம் என்றார்கள், 2002இல் தேசியப் பூங்கா என்றார்கள். இடையில் 1998இல் இந்து சமுத்திரம் சூடேறியபோது எந்தப் பலகையும் உன்னைக் காக்கவில்லை. சூடு தாங்காமல் உன் உயிர்கள் தம்முள் இருந்த பாசியை வெளியே விட்டு, வெளுத்து, பட்டினியில் பெரும்பகுதி செத்தன. 2016 ஏப்ரலிலும் மே மாதத்திலும் இலங்கையின் பவளப்பாறைகள் மறுபடி வெளுத்தன. அதே மே 17 அன்று எங்கள் மாகாணத்தின் கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவில் மலை சரிந்தது. புலத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்திலும் மண் இறங்கி லயத்து மக்களை மூடியது. ஒரே மாதத்தில் என் இரண்டு வீடுகளிலும் சாவு. இன்றும் உன்னிடம் செத்த கிளைகள் நிறைய, அவற்றின் மேல் பாசி படர்ந்திருக்கிறது. ஆனாலும் அவற்றின் இடுக்கில் உள்ளங்கை அகலத்துக்குப் புதிய பவளம் ஒட்டியிருப்பதைக் காண்கிறேன். நான் பார்க்க வருவது அதைத்தான்.

பாறையே, உன்னிடம் வரும் வழியையும் நீ எனக்குப் பாடமாக்கினாய். இரத்தினபுரியிலிருந்து பஸ்ஸில் பாணந்துறை, அங்கிருந்து கடலோரமாகத் தெற்கே கோச்சி. களுத்துறைப் பாலத்தில் எப்போதும் எழுந்து நிற்பேன். சிவனொளிபாத மலையில் பிறந்து எங்கள் தோட்டங்களுக்குக் கீழே ஓடும் களு கங்கை அங்கேதான் கடலில் சேர்கிறது. தென்மேல் பருவமழை மே மாதம் பிடித்தால் இரத்தினபுரியில் பால் வெட்டு நிற்கும், பேர் விழாத நாளுக்குச் சம்பளமும் இல்லை. அதே காற்று உன்னையும் கலக்கிவிடும். கார்த்திகையில் தெளிந்து சித்திரை வரையில்தான் நீ முகம் காட்டுவாய். ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும் எங்கள் மலையில் மரத்தை மொட்டையடித்தால் மண் எங்கே போகும்? கங்கைக்கு. கங்கை எங்கே போகும்? உன்னைப் போன்றவற்றுக்கு எமன் தண்ணீரில் வரும் அந்தச் சேறுதான். மலைச்சரிவில் புல்லை விட்டுவைப்பதும் கானைச் செப்பனிடுவதும் கடலுக்குச் செய்கிற வேலை என்று உன்னைப் பார்த்த பிறகே எனக்கு உறைத்தது. இப்போது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் களு கங்கையைப் படமாகப் போட்டுக் காட்டும்போது, கோட்டைக் களுத்துறையில் நிறுத்துவதில்லை. இன்னும் கீழே இழுத்து, உன்னையும் வரைகிறேன்.

பாறையே, கடைசியாக ஒரு செய்தி. அம்மா ஒருமுறை என்னோடு வந்தாள். "கடலுக்குள்ளே போறவ திரும்பி வருவாளா?" என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தவள், நான் உள்ளே போய் நனைந்த தலையோடு நடந்து வந்ததும் கேட்டது ஒன்றே ஒன்று: "நம்ம பிள்ளைகளையும் கூட்டிப் போகலாமா?" அவள் வாயால் அது வந்ததற்காகவே உனக்கு இந்த மடல். ஆகவே அடுத்த பருவத்தில் தோட்டத்துப் பிள்ளைகள் சிலரோடு வருகிறேன். சிலிண்டர் எல்லாம் அப்புறம். முதலில் மிதவைச் சட்டையும் மாஸ்க்கும் போட்டு, மேலே மிதந்தபடி உன்னைப் பார்க்கட்டும். அலை எப்போது ஏறும், மணல் வழி எங்கே, எந்த இடத்தில் கால் வைக்கக் கூடாது என்பதைக் கரையிலேயே சொல்லிக் கொடுத்து, திருப்பிச் சொல்லவும் வைத்துவிட்டுத்தான் தண்ணீரில் இறக்குவேன். உன் மேல் ஒரு கால் படாது. அதற்கு நான் பொறுப்பு.

இப்படிக்கு,
உனக்குக் கடன்பட்ட
இரத்தினபுரித் தோட்டத்துப் பெண்